கலைச்சொல் விவாதம்: ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்ற சொல்லை மாற்றலாமா?

அனுப்புநர்: சமூக சுகாதாரத் தாதி, சுங்கை சிப்புட், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். தோட்டங்களில் கொடுக்க எழுதும் துண்டறிக்கை ஒரே ஒரு சொல்லில் நின்றுபோயிருக்கிறது. இடுப்பு பெருத்து, இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் சீனியும் ஏறியவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல், அதனால் 50 முதல் 75 வயதுக்குட்பட்டவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதுதான் செய்தி. இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் இடத்தில் ‘இன்சுலின் எதிர்ப்பு’ வருகிறது. இரத்தச் சீனியைக் குறைக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை அது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு எதிர்ப்பு நல்ல சொல். “எனக்கு எதிர்ப்பு இருக்கிறதா, நல்லதுதானே” என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேறு சொல் வேண்டும்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பீடோர்

சகோதரி சொல்வது சரி. இலக்கணத்திலும் ஒரு குறை உண்டு. இன்சுலின் எதிர்க்கிறதா, இன்சுலினை உடல் எதிர்க்கிறதா? உருபு தொக்கிப்போனதால் இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘கொசு எதிர்ப்பு’ என்றால் கொசுவுக்கு எதிரான நடவடிக்கை. அதே வாய்ப்பாட்டில் ‘இன்சுலின் எதிர்ப்பு’ என்பது இன்சுலினுக்கு எதிரான இயக்கம்போல ஒலிக்கிறது. உடல் வேண்டுமென்று எதையும் எதிர்க்கவில்லையே.

என் முன்மொழிவு: ‘மசியாமை’. எவ்வளவு சொல்லியும் ஆள் மசியவில்லை என்கிறோம். இன்சுலின் சொல்கிறது, தசை மசியவில்லை.

அனுப்புநர்: ஆய்வக நுட்பர், ஈப்போ

ஐயாவின் சொல் நன்று. ஆனால் ‘இன்சுலின் மசியாமை’ என்று சேர்த்தால் மசியாதது இன்சுலின்தான் என்றாகிவிடாதா? ‘இன்சுலின் மரப்பு’ எப்படி? உயிரணு இன்சுலினுக்கு மரத்துப்போகிறது. குட்டையான சொல், நோட்டீசில் அச்சடிக்கவும் எளிது.

அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

தம்பி, மரப்பு வேண்டாம். இனிப்பு நீர்க்காரர்களிடம் ‘மரத்துப்போவது’ என்றால் கால்தான். பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் செம்பனை முள் ஏறி, புண்ணாகி வருபவர்களுக்குச் சொல்லும் சொல் அது. அதே ஆளுக்கு இன்னொரு பொருளில் கொடுத்தால் இரண்டும் கெடும்.

அனுப்புநர்: குடல் நோய் மருத்துவர், ஈப்போ

மரப்பு பொருந்தாது என்பதற்கு உடலியங்கியல் காரணமும் இருக்கிறது. சொல்லைத் தேர்வதற்கே அது முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது, சர்க்கரையைக் கையாள்வதில் தசையும் ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்பது குறைகிறது. கணையம் சும்மா இருப்பதில்லை, கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. அதனால் பல ஆண்டுகள் காலைச் சீனி சரியாகவே இருக்கும், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சியும் சரியாக இருக்கும், இரத்தத்தில் இன்சுலின் மட்டும் உயர்ந்திருக்கும். இந்த உயர்ந்த இன்சுலினுக்குப் பெருங்குடல் உட்சுவர் மரத்துப்போவதில்லை. ‘வளர், பெருகு’ என்ற கட்டளை அங்கே நன்றாகவே கேட்கிறது. மேலும், இன்சுலின் கூடும்போது ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைக் கட்டிவைக்கும் புரதங்களில் சில குறைந்து, கட்டவிழ்ந்த ஐ.ஜி.எஃப்-1 மிகுகிறது. உயிரணு பெருகும் வேகம் ஏறுகிறது, பழுதானது தானே சாகும் வழக்கம் தளர்கிறது. உட்சுவரில் ஏற்கெனவே ஒரு சிறு விழுது (பாலிப் எனும் சதை வளர்ச்சி) இருந்தால் அது வளர்வதற்கு வாகான மண் இது. வளர்ச்சி இயக்குநீர் மிகுந்து கைகால் பருக்கும் நோய் உள்ளவர்களுக்குக் குடல் விழுதுகள் அதிகம் வருவதும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

இன்சுலின் மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றுக் கொழுப்பு அழற்சிப் பொருள்களை விடுகிறது, அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற இயக்குநீரைக் குறைக்கிறது. பித்த அமிலங்களும் குடல் நுண்ணுயிர்களும் மாறுகின்றன. புகை, மது, பதப்படுத்திய இறைச்சி, குடும்ப வரலாறு எல்லாம் தனிக் கணக்கு.

அளவைப் பற்றியும் நிதானம் வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 20 முதல் 30 சதவீதம் கூடுதல் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்ததில் தெரிவது. இது இரண்டு மடங்கு அல்ல, 100க்கு 30 பேருக்கு வரும் என்பதும் அல்ல. உடற்கொழுப்பு மிகாமல் இருப்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று உண்டு என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2016இல் முடிவு சொன்னது.

ஆகவே, நோயாளிக்கு உண்மையில் பெயர் வேண்டியது இரண்டு நிலைகளுக்கு. ஒன்று, தசையும் ஈரலும் இணங்காதது. மற்றது, அதனால் இன்சுலின் மிகுவது. குடலுக்கு அதிகம் சம்பந்தப்பட்டது இரண்டாவது. துண்டறிக்கை முதல் சொல்லோடு நின்றுவிட்டால் பாலத்தில் பாதிதான் கட்டியதாகும்.

அனுப்புநர்: தமிழாசிரியர், பீடோர்

டாக்டருக்கு நன்றி. அப்படியானால் முதல் சொல்லில் ‘கு’ உருபை வெளிப்படையாகவே வைப்போம்: ‘இன்சுலினுக்கு மசியாமை’. கலைச்சொல்லில் உருபு இருக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. யார் எதற்கு மசியவில்லை என்பது தெளிவாகிறது. ‘தசை இன்சுலினுக்கு மசிவது குறைந்திருக்கிறது’ என்று பிரித்தும் எழுதலாம், ஏற்ற இறக்கமும் சொல்லலாம். இரண்டாவதற்கு ‘மிகை இன்சுலின்’ போதுமே.

அனுப்புநர்: மருந்தாளர், கோல கங்சார்

‘மிகை இன்சுலின்’ எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இன்சுலின் ஊசி போடுபவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். “இன்சுலின் மிகுந்தால் குடல் புற்றுநோய்” என்று படித்ததும் ஊசியை நிறுத்துவார்கள், அல்லது பத்து யூனிட்டை ஐந்தாக்குவார்கள். சீனி ஏறி, உடல் வறண்டு, மயங்கி அவசரப் பிரிவுக்கு வருவதுதான் மிச்சம். ‘ஊசியை நிறுத்தாதீர்கள்’ என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டோம் என்று இருக்க முடியாது, சொல்லே ஊசியைச் சுட்டாததாக இருக்க வேண்டும்.

அனுப்புநர்: குடல் நோய் மருத்துவர், ஈப்போ

மருந்தாளர் சொன்னது மிக முக்கியம். ஓரிஜின் என்ற பெரிய ஆய்வில் 12,537 பேரில் பாதிப் பேருக்கு கிளார்ஜின் இன்சுலின் ஊசியும் மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் தந்து, ஏறக்குறைய 6 ஆண்டுகள் பார்த்தார்கள். முடிவு 2012இல் வந்தது: ஊசியால் புற்றுநோய் கூடவில்லை. உடல் ஆண்டுக்கணக்கில் தானே அதிகம் சுரந்துகொண்டிருப்பதும், சுரப்பு வற்றிய பிறகு மருத்துவர் அளந்து கொடுப்பதும் ஒன்றல்ல.

அனுப்புநர்: தமிழாசிரியர், பீடோர்

‘சுரந்து’ என்று டாக்டரே சொல்லைக் கொடுத்துவிட்டார். ‘இன்சுலின் மிகைச்சுரப்பு’. ஊசி சுரக்காது, கணையம்தான் சுரக்கும். பொருள் பிசகாது.

அனுப்புநர்: குடல் நோய் மருத்துவர், ஈப்போ

ஏற்கிறேன். நுணுகிப் பார்த்தால் ஈரல் இன்சுலினை அகற்றுவது குறைவதாலும் இரத்தத்தில் அது உயரும், ஆகவே மருத்துவக் கட்டுரையில் ‘இரத்த இன்சுலின் மிகை’ என்று எழுதுங்கள். பொதுமக்களுக்கு மிகைச்சுரப்பு.

அனுப்புநர்: ஆய்வக நுட்பர், ஈப்போ

மரப்பைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொரு சந்தேகத்தை முதலிலேயே அடைத்துவிடுங்கள்: “மிகைச்சுரப்பை அளக்க இரத்தம் எடுப்பீர்களா?” இல்லை. வெறும் வயிற்று இன்சுலின் அளவு ஒவ்வொரு ஆய்வக முறைக்கும் வேறுபடும், எல்லாருக்கும் செய்யும் சோதனையும் அல்ல. இடுப்பளவுதான் கைக்கெட்டிய அடையாளம்: ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80, அல்லது அதற்கு மேல். கைலி முடிச்சு விழும் இடத்தில் அளக்கக்கூடாது, அது தொப்பைக்குக் கீழே போய்விடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும், நாடா தரைக்கு இணையாக இருக்கும்படி அளக்க வேண்டும். இடுப்போடு டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு லிட்டருக்கு 1.7 மில்லிமோல் அல்லது மேல், நல்ல கொழுப்பு (எச்டிஎல்) ஆணுக்கு 1.0, பெண்ணுக்கு 1.3க்குக் கீழ், அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சீனி 5.6 அல்லது மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் வளர்சிதைமாற்றக் கோளாறுத் தொகுதி. (இலங்கை நண்பர்கள் ‘அனுசேபம்’ என்பார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வளர்சிதைமாற்றம் பழகியது, அதுவே இருக்கட்டும்.)

மலப் பரிசோதனைக்கு ‘மறைகுருதிச் சோதனை’ என்று போடலாம். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இரத்தம், சொல்லே விளக்குகிறது. மனித இரத்தத்தை மட்டும் பிடிக்கும் சோதனை என்பதால் முதல் நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டாலும் பாதகமில்லை. கெடுவது வேறு வழிகளில். குந்து கக்கூசில் தண்ணீரில் விழுந்த மலத்தை எடுப்பது ஒன்று, பழைய நாளிதழை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். குச்சி நிறைய அள்ளி அடைப்பது இன்னொன்று. மேற்பரப்பில் நாலைந்து இடத்தில் குத்தி, குச்சியின் பள்ளம் நிறைந்தால் போதும். எல்லாவற்றையும்விட மோசம் வெயில். மோட்டார்சைக்கிள் கூடையில் மதியம் வரை கிடந்தால் சூட்டில் இரத்தப் புரதம் சிதைந்து, இருக்கும் இரத்தமும் ‘இல்லை’ என்று வந்துவிடும். அன்றே கிளினிக்கில் சேர்க்க வேண்டும்.

அனுப்புநர்: குடல் நோய் மருத்துவர், ஈப்போ

ஒரு வரி சேர்க்கவும். ‘இரத்தம் உண்டு’ என்று வந்தால் மூலம்தான் என்று தள்ளிவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்வது தவறு. குடல் அகநோக்கிப் பரிசோதனைதான் (கொலோனோஸ்கோபி) அடுத்த படி. கண்ணால் பார்க்கும் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் இருந்தால் எந்த வயதானாலும் மறைகுருதிச் சோதனைக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் வர வேண்டும்.

அனுப்புநர்: தாதி, சுங்கை சிப்புட்

திருத்திய பத்தி இதோ, ஐயா ஒருமுறை பார்த்துவிடுங்கள்:

“வயிற்றில் கொழுப்பு சேரும்போது தசையும் ஈரலும் இன்சுலினுக்கு மசிவது குறைகிறது. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. இந்த மிகைச்சுரப்பு, சீனி ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். பெருங்குடல் உட்சுவரில் சிறு விழுது இருந்தால் அது வளர இது துணைபோகும். நீங்கள் போடும் இன்சுலின் ஊசி இதில் சேராது, அதை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு 50 வயது ஆகிவிட்டதா? மறைகுருதிச் சோதனைக் குப்பியைக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள்.”

அனுப்புநர்: தமிழாசிரியர், பீடோர்

‘துணைபோகும்’ நல்ல சொல்லாட்சி, மாற்றாதீர்கள். ‘ஈரல்’ என்பதைக் ‘கல்லீரல்’ ஆக்குங்கள், மண்ணீரலோடு குழம்பாது. அச்சுக்கு அனுப்பலாம்.