தண்ணீர் விடும் துறையோடு உங்களுக்கு நேர்ந்த ஒரு அனுபவம், நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்

கடைமடை விவசாயி:
கல்லணைக் கால்வாயின் கடைசி, பேராவூரணிப் பக்கம். மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து பூத்தூவுவதை டிவியில் பார்ப்போம், அவ்வளவுதான். தண்ணீர் எங்களிடம் வந்து சேருவது வேறு கதை. அந்த வருடம் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் கணுக்கால் அளவு. மறியல் என்று முடிவாகிவிட்டது. மறியலுக்கு முதல் நாள் காலை ஆறு மணிக்கு உதவிப் பொறியாளர் டூவீலரில் தனியாக வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி ஒரு மூங்கில் கழியை ஊன்றினார். கைக்குட்டையைக் கிழித்து முழங்கால் உயரத்தில் முடிச்சுப் போட்டார். "மேலேயிருந்து எவ்வளவு வரும்னு என் கையில இல்லைங்க. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள்னு முறை வைக்கிறது என் கையில இருக்கு. நாலு நாள்ல இது நனையணும்" என்றார்.

மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு ஃபோன். "ஐயா, முடிச்சு நனைஞ்சுதா?" டார்ச் எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். இரண்டு விரல் குறைவு. "சரி, மேல் கிளைக்குப் போற ஷட்டரை இன்னும் ஒரு சுற்று இறக்கச் சொல்றேன்" என்றார். மறுநாள் மதியம் நனைந்தது. மறியல் நடக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போனது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்று இன்னும் உறுத்துகிறது.

நடவுக்காரி:
உங்களுக்கு வாய்த்தது நல்ல மனிதர். எங்களுக்கு வாய்த்தது பதில் கடிதம். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் விடும் சின்னக் கிளையான டி வாய்க்கால் தூர்ந்துபோய் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மூன்று மாதம் தொடர்ந்து மனுக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் மைக்கில் வாசித்தார்கள்: "தூர்வாரும் பணி முடிக்கப்பட்டுள்ளது." அன்று காலையில்தான் அந்த வாய்க்காலைத் தாண்டி வந்திருந்தேன். என் புடவைக் கரையில் அந்தச் சேறு இன்னும் காயவில்லை. எழுந்து புடவையைக் காட்டினேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, அடுத்த மனுவை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் நான் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

பாசன சங்கத்துக்காரர்:
அம்மா, போகாமல் விட்டதுதான் தப்பு. எனக்கும் இதே பதில் வந்தது, நான் விடவில்லை. வெறும் "எங்கள் ஊர் வாய்க்கால்" என்று எழுதினால் அவர்கள் பக்கத்து வாய்க்காலை வாரிவிட்டு முடித்துவிட்டோம் என்பார்கள். வாய்க்கால் பெயர், எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, சர்வே எண் மூன்றும் வேண்டும். தேதி தெரிகிற மாதிரி போட்டோ. மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த வேலையின் மதிப்பீடும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்ட அன்றே பாதி வேலை நடக்கும். இதைவிட முக்கியம் சங்கம். பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்ய 2000-இல் சட்டம் வந்து, தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோம். பல ஊர்களில் அது லெட்டர்பேடோடு நின்றுவிட்டது. 2017-இல், நீர்நிலைகளை விவசாயிகளே சேர்ந்து சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டம் வந்தபோது உயிரோடு இருந்த சங்கங்கள் தங்கள் வாய்க்காலைத் தாங்களே நின்று வாரிக்கொண்டன. தனி ஆளாக மனுக் கொடுப்பவரை அதிகாரி மறந்துவிடுவார். மாதாமாதம் எதிரில் வந்து உட்காருபவரை மறக்க முடியாது. கைக்குட்டை கட்டியவரும் மாற்றலாகிப் போனார் அல்லவா, அந்த ஊரில் இப்போது யார் முறை வைக்கிறார்கள்?

நடவுக்காரி:
சர்வே எண் எல்லாம் எழுதித்தான் கொடுத்தேன் ஐயா. ஒருவர் என்னோடு வந்து அந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு "முடியாது" என்று சொல்லியிருந்தால்கூட நான் திரும்பப் போயிருப்பேன்.

லஸ்கர் மகள்:
முதல் பதிவை மூன்று தடவை படித்தேன். "ஒரு சுற்று இறக்கச் சொல்றேன்" என்றாரே, இரவு பதினோரு மணிக்கு அந்த ஒரு சுற்றை இறக்கியது யார்? எங்கள் அப்பா மாதிரி, மதகு ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான ஒரு லஸ்கர். ஷட்டரை இறக்கினால் மேல்மடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஒரு தடவை நாலு பேர் திருகுக் கைப்பிடியையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "என்னை அடிங்க, கைப்பிடியைக் குடுத்துட்டு அடிங்க" என்று கத்தினார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு கரையில் நின்றிருந்தேன், எட்டாம் வகுப்பு.

மறுநாள் பொறியாளரும் இரண்டு ஊர்த் தலைவர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கிளைக்கு எந்தக் கிழமை என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதை டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அதன்பின் சண்டைக்கு வருகிறவர்கள் அப்பாவிடம் வரவில்லை, டீக்கடைக்குப் போய்த் தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மழையில் கிழிந்தபோது டீக்கடைக்காரரே இன்னொன்று எழுதி ஒட்டினார்.

கடைமடை விவசாயி:
தங்கச்சி, இத்தனை வருடமாகப் பொறியாளரை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கத்துக்கார அண்ணன் கேட்டதற்கும் பதில்: இப்போது யாரும் முறை வைப்பதில்லை, மோட்டார் வைத்தவன் இறைத்துக்கொள்கிறான். உங்கள் அப்பா எந்த மதகில் இருந்தார்? இப்போது எங்கே இருக்கிறார்?