மறுமொழி: ‘மாக் ட்ரையல்’ – ‘பயிற்சி வழக்கு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். வகுப்பில் பிள்ளைகளே வழக்கறிஞர், சாட்சி, நீதிபதி என்று நின்று ஒரு வழக்கை நடத்திப் பழகும் ‘மாக் ட்ரையல்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு என் மறுமொழி இது.

‘போலி விசாரணை’யை முதலில் விட்டுவிடலாம். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது மோசடி என்றுதான் படும். ‘நீதிமன்ற நாடகம்’ என்பதும் ஒத்துவராது. நாடகத்துக்கு முடிவு முன்பே எழுதியிருக்கும். இங்கே தீர்ப்பு எப்படி வரும் என்று ஆசிரியருக்கே தெரியாது.

‘மாதிரி’ நல்ல சொல்தான். மாதிரி வாக்குப்பதிவு, மாதிரி நாடாளுமன்றம் எல்லாம் நிலைத்துவிட்டன. ஆனால் ‘மாதிரி நீதிமன்றம்’ சட்டக் கல்லூரிகளில் ‘மூட் கோர்ட்’டுக்கு வழங்குகிறது. அங்கே சாட்சி கிடையாது, மேல்முறையீட்டில் போலச் சட்டப் பிரச்சினையை மட்டும் வாதிடுவார்கள். நாம் பேசுவதில் கூண்டு உண்டு, சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. இரண்டையும் குழப்பக் கூடாது.

அடுத்து ‘விசாரணை’. பெரம்பூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டேன். “போலீஸ் ஸ்டேஷன் சார்” என்று பல குரல்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. புலன் விசாரணை, துறை விசாரணை, நீதிமன்ற விசாரணை எல்லாவற்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்!

அன்று எடுத்துக்கொண்டது கால்குலேட்டர் திருட்டு வழக்கு. கூண்டில் நின்ற மாணவியின் கழுத்து அட்டையில் யாரோ ‘குற்றவாளி’ என்று எழுதிவிட்டார்கள். அதைக் கிழித்துவிட்டு ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதவைத்தேன். அன்றைய பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. மீதியை அந்த மாணவியின் தரப்பு வக்கீலாக நின்ற பையன், சாட்சியைக் கேள்வி கேட்டு நடத்தினான். “பரீட்சை முடிஞ்சதும் திருப்பித் தரேன்னு அவங்க உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?” சாட்சி சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “சொன்னாங்க” என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவுப்படியும், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, பிறர் பொருளை எடுத்ததாலேயே திருட்டு ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணம் வேண்டும். நீதிபதி இருக்கையில் இருந்த பெண் ஐயத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தாள்.

இந்த அனுபவத்துக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுவது ‘பயிற்சி வழக்கு’. வழக்கு என்றாலே இரு தரப்பு, சாட்சியம், தீர்ப்பு என்று எல்லாம் அடங்கிவிடுகிறது. “நாளைக்குப் பயிற்சி வழக்கு இருக்கு” என்று பிள்ளைகள் இயல்பாகச் சொல்ல முடியும். ‘பயில்வழக்கு’ இன்னும் சுருக்கம், அழகும்கூட. ஆனால் உலகவழக்கு, பேச்சுவழக்கு வரிசையில் போய் நின்று, மொழிநடை பற்றிய சொல்லாக மயங்கும்.

ஓர் எச்சரிக்கை: ‘பயிற்சி’யைப் பாத்திரங்களுக்கு ஒட்ட வேண்டாம். பயிற்சி வழக்கறிஞர் என்றால் மூத்தவரிடம் தொழில் பழகுபவர் என்று பொருளாகிவிடும். வகுப்பிலும் அவர் வழக்கறிஞர், இவர் நீதிபதி, அவ்வளவே.

ஆசிரியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.