உள் கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதிர்மூலத்தின் வலுவை அளப்பது: அனுபவப் பகிர்வு

நோயாளியின் மகன், அம்பாசமுத்திரம்:
என் தாயாருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக உள் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் அதே எந்திரத்தில் சிகிச்சை பெற்ற சித்திக்கு ஆன நேரத்தைவிட, அம்மாவுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலாக ஆயிற்று. கதிர் கூடுதலாகப் பாய்ந்துவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனோம். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மருத்துவ இயற்பியலாளர், பாளையங்கோட்டை:
தம்பி, நேரம் கூடியதற்குக் காரணம் கதிர்மூலத்தின், அதாவது உடலுக்குள் வைக்கப்படும் கதிர் வீசும் பொருளின், வலு குறைந்ததுதான். அந்த மூலமான இரிடியம்-192இன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகும் காலம், ஏறத்தாழ 74 நாள். நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு அளவில் வலு குறைவதால், அதே கதிரளவைச் சேர்க்க மூலம் உடலுக்குள் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. சிகிச்சைக் குறிப்பில் நிமிடங்களைப் பார்க்காமல், கிரே என்னும் அலகில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள்.

இந்தத் தேய்மானத்தைக் கணினி பிழையின்றிக் கணக்கிட்டுவிடும். கணக்குத் தொடங்கும் முதல் எண் சரியாக இருக்கிறதா என்பதே எங்கள் கவலை. புதிய மூலம் வந்ததும், அதனுடன் வரும் சான்றிதழில் உள்ள வலுவின் எண்ணை அப்படியே ஏற்காமல், வெல் சேம்பர் என்ற கருவியில் நாங்களே அளக்கிறோம். கதிர் தன்னுள் இருக்கும் காற்றில் உண்டாக்கும் மின்னூட்டத்தை அது அளக்கும்; அந்தக் காற்று வெளிக்காற்றுதான். காற்று சூடேறினால் அடர்த்தி குறைந்து, அளவும் குறைவாகக் காட்டும் என்பதால், வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் கொண்டு அளவைத் திருத்திக்கொள்கிறோம்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், சித்திரை வெயிலில் காரில் வந்த சேம்பரை, ஏசி அறைக்குள் கொண்டுவந்த சற்று நேரத்திலேயே அளக்கத் தொடங்கினார்கள். வெப்பமானி அறையின் 24 டிகிரியைக் காட்டியது. சேம்பருக்குள் இருந்த காற்றோ இன்னும் ஆறவில்லை. பத்து டிகிரி வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிழையைத் தரும். சான்றிதழுக்கும் அளவீட்டுக்கும் அவ்வளவு இடைவெளிதான் வந்தது. அந்தக் குறைந்த எண்ணைப் பதிந்திருந்தால், கணினி சிகிச்சை நேரத்தைக் கூட்டியிருக்கும்; அடுத்த மூலம் வரும்வரை ஒவ்வொரு பெண்ணுக்கும், அருகிலேயே இருக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும், அதே விழுக்காடு கூடுதலாகப் போயிருக்கும். மறுநாள் காலையில் மீண்டும் அளந்தபோது இரண்டு எண்களும் நெருங்கி வந்தன.

காற்றழுத்தத்திலும் இதே எச்சரிக்கை தேவை. வானிலை அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் அழுத்தம். நூறு மீட்டர் உயரத்துக்கே ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும் என்பதால், தென்காசிப் பக்கம் அளப்பவர்கள் அதை எடுத்தால் மீண்டும் குறைந்த எண்தான் கிடைக்கும். அறையிலேயே ஒரு பாரமானி வைத்து, சேம்பரை முந்தின நாள் மாலையே உள்ளே வைத்துவிடுமாறு இத்துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.