உருதுக் கவிதை வாசிப்பில் ஃபைஸை விட்டுவிடலாமா?

தையற்கடை, சுங்கை சிப்புட்

வணக்கம். என் தையற்கடையின் பின்கட்டில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பழைய தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சங்கப் பாடல், பாரதி, நம் மலேசிய நாட்டுச் சிறுகதைகள் எல்லாம் படித்தாயிற்று. அடுத்த சில கூட்டங்களை உருதுக் கவிதைக்கு ஒதுக்கலாம் என்று சொன்னேன். எல்லோருக்கும் சம்மதம். காலிப், மீர், ஃபைஸ், இக்பால் என்று பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று இரவே சண்டை வந்துவிட்டது.

"ஃபைஸும் இக்பாலும் பாகிஸ்தான்காரர்கள். இந்த நேரத்தில் இது தேவையா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே மாதம் இரண்டு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டன. நம் வீடுகளில் பலருக்கு இந்தியாவில் உறவு இருக்கிறது. மனம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. குழுவில் ஒருவர் பாகிஸ்தான் பாடகர் மெஹ்தி ஹஸன் பாடிய கஜல் ஒன்றை யூடியூப்பிலிருந்து அனுப்பினார். பாட்டைக் கேட்டவர் யாருமில்லை. அதன் கீழே இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் ஒருவர் தாயை ஒருவர் இழுத்துத் திட்டியிருந்ததைப் படித்துவிட்டு, அதே சொற்களைத் தமிழில் எங்கள் குழுவில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மெஹ்தி ஹஸன் பிறந்தது ராஜஸ்தானில் லூணா என்ற கிராமத்தில். அதை எழுதினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு உருது வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக்குச் சம்பள வாரத்தில் ஒரு துணிக்காரர் வருவார். பஞ்சாபி பேசும் பாகிஸ்தான்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் துணி மூட்டை, சட்டைப்பையில் தவணைக் கணக்குப் புத்தகம். அப்பா தையல் வேலை செய்ததால் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில்தான் மூட்டையைப் பிரிப்பார். துணியை முழம்போட்டு அளந்துகொண்டே காலிப்பின் அடிகளைச் சொல்வார். பொருள் கேட்டால் பாதி மலாயும் பாதி தமிழுமாக விளக்குவார். நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். 1971 டிசம்பரில் போர் மூண்டபோது தோட்டத்தில் சிலர் அவருக்குத் தர வேண்டிய பாக்கியைத் தர மாட்டோம் என்றார்கள். "சண்டை அங்கே நடக்கிறது, துணி உன் உடம்பில் கிடக்கிறது, காசைக் கொடு" என்று அப்பா வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுத்தார். துணிக்காரர் அடுத்த மாதமும் வந்தார்.

என் கேள்வி இதுதான். காலிப், மீர் என்று எல்லைக்கோட்டுக்கு முந்தியவர்களோடு நிறுத்திக்கொண்டு கூட்டத்தைக் காப்பாற்றுவதா? ஃபைஸையும் படித்தே தீருவதா? படித்தால், பேச்சு கவிதையை விட்டு இரண்டு நாடுகளின் வழக்காக மாறும்போது எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? இப்படிக் கூட்டம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் மனம் ஃபைஸ் பக்கம்தான் இருக்கிறது.

செம்பனை, தாப்பா

அண்ணா, வெளிப்படையாகச் சொல்கிறேன். ஃபைஸை இப்போது படிக்காதீர்கள்.

என் மனைவியின் அக்காள் மகன் இந்திய ராணுவத்தில் இருக்கிறான். சேலம் பக்கம். மே மாதச் சண்டையின்போது அவனிடமிருந்து தகவல் இல்லை. மனைவி பூஜை அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு "கவிதைக்கு நாடு ஏது" என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கவிஞர்கள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு எதிரே யாரும் பந்தல் போட்டுக் கச்சேரி வைக்க மாட்டார்கள்.

காலிப்பைப் படியுங்கள். அவரைப் பற்றிச் சண்டை போட யாரும் இல்லை. இன்னொன்று: நம் ரப்பர்த் தோட்டத்து மக்கள் பால்மரக் காட்டில் பாடிய பாடல்களை எழுதி வைக்க நமக்கு ஆள் இல்லை. அதற்கும் இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கலாமே.

வாணியம்பாடிப் பெண், கிள்ளான்

தாப்பா அண்ணன் சொன்னதைப் படித்தபோது என் தொண்டை அடைத்தது. அந்த வீட்டு வலி உண்மையானது. பையன் நலமாக இருக்க வேண்டும்.

ஆனால் நான் என் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வாணியம்பாடியில் பிறந்தவள். வீட்டில் உருது, தெருவில் தமிழ். இரண்டும் எனக்குத் தாய்ப்பால் போல. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், சென்னையில் திருவல்லிக்கேணி என்று எங்களைப் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கும் மோதல் வரும்போதெல்லாம், என் வாயிலிருந்து வரும் மொழியைக் கேட்டுவிட்டு "நீங்கள் அந்தப் பக்கமா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் கேட்கிறார்கள்.

உருது எந்த நாட்டின் மொழி என்று சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பஞ்சாபி பேசுகிறவர்கள்தான் அங்கே அதிகம். இந்தியாவில் அது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் மொழி. மகாராஷ்டிரத்தில் அகோலா மாவட்டத்துப் பாத்தூர் நகராட்சியின் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழி என்பது மதம் ஆகாது, உருது இந்த மண்ணில் பிறந்தது என்று சொல்லி நீதிமன்றம் பலகையை இருக்க விட்டது. தீர்ப்பு வந்தது 2025 ஏப்ரல் 15. பகல்காமுக்கு ஒரு வாரம் முன்பு. அடுத்த வாரத்தில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இல்லாமல் போய்விட்டது.

எங்கள் ஊர் இஸ்லாமியாக் கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்தார். கஜலைத் தமிழில் எழுதிக் காட்டியவர் அவர். உங்கள் கூட்டத்தில் முதலில் அவருடைய தமிழ்க் கஜல் சிலவற்றைப் படித்துவிட்டு உருதுவுக்குள் போனால் பிள்ளைகளுக்குக் கதவு எளிதாகத் திறக்கும்.

ஃபைஸைப் பற்றி. 1911இல் சியால்கோட் பக்கம் பிறந்தார். இன்று இந்தியாவில் இருக்கும் அமிர்தசரஸில் கல்லூரி ஆசிரியராக இருந்தார். 1951இல், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் போட்ட ராவல்பிண்டி சதி வழக்கில் பாகிஸ்தான் அரசே அவரைச் சிறையில் தள்ளியது. 1955 வரை உள்ளே இருந்தார். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் ஊரை விட்டுப் பெய்ரூட்டில் போய் இருந்தார். அந்த நாட்டு ராணுவம் செய்ததற்கெல்லாம் அவரைப் பொறுப்பாளி ஆக்குகிறவர்கள் இந்தச் சிறைக் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பேச்சைத் திருப்புவதற்கு எங்கள் முஷாயிராவில், அதாவது உருதுக் கவியரங்கில், இருக்கும் ஒரு வழக்கம் உதவும். ஒரு வரி பிடித்துவிட்டால் கேட்பவர்கள் "முகர்ரர்" என்பார்கள். கவிஞர் அதை மறுபடி சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்தில் யார் எந்தக் கருத்தைச் சொல்ல விரும்பினாலும், அன்று படித்த கவிதையிலிருந்து இரண்டு அடியை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கிள்ளானில் பெண்கள் கூட்டம் ஒன்றில் இதைச் செய்கிறேன். திட்ட வருகிறவருக்கும் முதலில் கவிதையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தேடும்போது படித்துவிடுகிறார்.

கடைக்காப்பு, பத்து காஜா

நான் கோயிலில் தேவாரம் ஓதுகிறவன். உருது எழுத்து தெரியாது. கஜல் கேட்கப் பிடிக்கும். வடிவத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் யோசனை. ஒரு கஜலை எடுத்து மேசை மேல் வைத்துப் பிரித்துப் பார்க்கிற அரை மணி நேரத்தில் நாட்டுச் சண்டை யாருக்கும் நினைவுக்கு வராது.

காலிப்பின் கஜல் ஒன்று. ஒவ்வோர் ஈரடியும் "ந பனே" என்று முடியும். அதுதான் ரதீஃப். அதற்கு முந்தைய சொல் "சுனாயே", "பனாயே", "புஜாயே" என்று ஓசை ஒத்து வரும். அது காஃபியா. நம் இயைபுத் தொடை தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. கடைசி ஈரடி இப்படி:

இஷ்க் பர் ஜோர் நஹீன், ஹை யெ வோ ஆதிஷ் காலிப்
கி லகாயே ந லகே அவுர் புஜாயே ந பனே

காதலிடம் யார் பலமும் செல்லாது. காலிப், அது அப்படி ஒரு தீ. மூட்டினால் பற்றாது, அணைத்தால் அணையாது. கடைசி ஈரடியில் கவிஞன் தன் பெயரையே சொல்லித் தன்னோடு பேசிக்கொள்கிறான். மக்தா என்று பெயர். இதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நான் தினமும் இதைத்தான் பாடுகிறேன். சம்பந்தர் பதிகம் ஒவ்வொன்றின் முடிவிலும் "ஞானசம்பந்தன்" என்று பெயர் வரும் திருக்கடைக்காப்பு இருக்கிறது. நம்மாழ்வார் "குருகூர்ச் சடகோபன்" என்று முடிப்பார். அங்கே அது பாடியவர் பெறும் பயனைச் சொல்லும். காலிப்பில் அது பெரும்பாலும் தன் நெஞ்சோடு தானே வழக்காடுவது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுங்கள். வேண்டுமென்றால் நான் வந்து பாடுகிறேன்.

தாப்பா அண்ணனுக்கு ஒன்று. காலிப் சண்டைக்கு வெளியே நின்றவர் என்று நினைக்காதீர்கள். 1857இல் அவர் டில்லியில் இருந்தார். பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்த பிறகு நண்பர்கள் கொல்லப்பட்டதையும் தெருக்கள் வெறிச்சோடியதையும் தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். சாவு விழுந்த வீட்டிலிருந்து எழுதியவர்தான் அவரும்.

இக்பாலை மட்டும் இந்த முறை தள்ளிவையுங்கள். அவர் 1904இல் எழுதிய "ஸாரே ஜஹான் ஸே அச்சா" பாட்டை இன்றும் இந்திய ராணுவ வாத்தியக் குழு வாசிக்கிறது. 1930இல் அலகாபாத்தில் வடமேற்கில் முஸ்லிம்களுக்குத் தனி ஆட்சிப் பகுதி வேண்டும் என்று பேசியவரும் அவர்தான். 1938இல் இறந்துவிட்டார், பாகிஸ்தானைப் பார்க்கவில்லை. இந்த மூன்றையும் ஒரு மாலையில் நேர்மையாகப் பேசி முடிக்க முடியாது. அவருக்குத் தனியே ஒரு நாள் வேண்டும்.

செம்பனை, தாப்பா

காலிப்பின் கடிதங்கள் பற்றி எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கிறேன். கிள்ளான் தங்கச்சி, உங்களிடம் அப்படிக் கேட்பவர்கள் கேட்கக் கூடாது. அது தவறு. இங்கே என் எதிரில் கேட்டால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

ஃபைஸ் விஷயத்தில் என் மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. படிப்பதென்றால் 1947 ஆகஸ்டைப் பற்றி அவர் எழுதியதைப் படியுங்கள். என் மகள் தமிழில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கறை படிந்த வெளிச்சம், இரவு கடித்த விடியல், நாம் காத்திருந்தது இந்த விடியலுக்கு இல்லை என்று வரும். தன் நாடு பிறந்த நேரத்திலேயே அப்படி எழுத ஒரு மனிதருக்குத் துணிவு இருந்திருக்கிறது. அதைக் கேட்க நான் வருவேன். ஆனால் சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் சேர்த்து ஒட்டி, சமாதானம் என்று எழுதி, படம் எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். என் மனைவிக்கு அதைக் காட்ட என்னால் முடியாது.

தையற்கடை, சுங்கை சிப்புட்

எல்லோருக்கும் நன்றி. கொடி கிடையாது, கடைச் சுவரில் நூல் அட்டையும் நாட்காட்டியும் தவிர எதுவும் இருக்காது. படமும் எடுக்க மாட்டோம்.

முடிவு செய்துவிட்டேன். முதல் மாலை காலிப். பத்து காஜாக்காரர் சொன்ன அதே கஜலும் சம்பந்தர் பதிகம் ஒன்றும். ஊரில் கம்பளக் கடையில் வேலை செய்யும் பாகிஸ்தான் பையன் ஒருவன் குர்த்தா தைக்க என்னிடம் வருவான். கஜலை வாசிக்க அவனைக் கூப்பிடப் போகிறேன். என் உச்சரிப்பில் அதைக் கேட்பது காலிப்புக்கு மரியாதை ஆகாது. அவனிடம் அன்று யாரும் அரசியல் கேட்கக் கூடாது என்று குழுவில் எழுதிவிட்டேன். தாப்பா அண்ணன் இதற்கு வருத்தப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் மாலை மீரும் ஃபிராக் கோரக்பூரியும். ரகுபதி சஹாய் என்ற பெயரில் பிறந்து, அலகாபாத்தில் ஆங்கிலம் கற்பித்து, உருதுவில் எழுதி 1969இல் ஞானபீடம் பெற்றவர் ஃபிராக். உருதுவை ஒரு மதத்துக்குள் அடைக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதைவிட அவர் வரிகள் சொல்லட்டும். மூன்றாம் மாலை ஃபைஸ், அந்த 1947 கவிதை மட்டும். வேறு எதுவும் படிக்காமல் அதையே மூன்று முறை படிப்போம். இரண்டு பக்கமும் செத்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அதற்குப் பிறகு பேசலாம். பேச்சை நான் அடக்க மாட்டேன். அண்ணே, உங்கள் மகளும் வந்து அந்தத் தமிழ் வரிகளைச் சொல்லட்டும். தோட்டத்துப் பாடல்களுக்கு அடுத்த இரண்டு மாதம் உங்கள் பொறுப்பு. கிராணி ஐயாவிடம் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது.

இரண்டடி சொல்லிவிட்டுப் பேசுகிற விதி முதல் மாலையிலிருந்தே நடப்புக்கு வரும்.

கிள்ளான் தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். ஃபைஸ் கவிதையை நிதானமாக வாசித்துக் குரல் பதிவு அனுப்ப முடியுமா? தொண்டையிலிருந்து வரும் "காஃப்" எழுத்து எங்கள் வாயில் சாதாரணக் ககரமாகிவிடுகிறது. பத்து காஜாக்காரர் ரயிலில் வந்தால் முன்னதாகச் சொல்லுங்கள். நிலையத்துக்கு என் மகனை அனுப்புகிறேன். கூட்டம் மாலை ஐந்து மணிக்கு.