டானர் மலை இறங்கினதும் ஒரு சர்தார்ஜி

பனிப் பயணத்துல சந்திச்சவங்களைப் பத்தி ஆளாளுக்குச் சொல்றீங்க, என் பங்குக்கும் ஒண்ணு.

கிறிஸ்துமஸ் லீவுக்கு ரீனோவுல இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போயிட்டு, இன்டர்ஸ்டேட் 80 வழியா ஃப்ரீமாண்ட் திரும்பிட்டு இருந்தோம். எங்க வீட்டுக்காரர் ஓட்டினார், பின்னாடி அத்தையும் பையனும். டானர் மலைக்கு முன்னாடி வர்ற ட்ரக்கி ஊர் கிட்ட வந்ததுமே பலகையில ஆர்-2ன்னு பனிச் சங்கிலி விதி போட்டிருந்தாங்க. நாலு சக்கர இழுவை வண்டியில நாலும் பனி டயரா இருந்தா விடுவாங்க, மத்த கார் எல்லாம் சங்கிலி மாட்டணும். எங்களது கேம்ரி. கால்ட்ரான்ஸ்ங்கிற மாநில சாலைத்துறை ஆள் டார்ச் அடிச்சு டயரைப் பார்த்துட்டு ஓரங்கட்டச் சொல்லிட்டார். காசு வாங்கிட்டு மாட்டிவிடறவங்க கிட்ட ஒரே கூட்டம். எங்க வீட்டுக்காரரே ஈரத்துல மண்டி போட்டு, முன் டயர் ரெண்டுக்கும் மாட்டி முடிச்சார். அதுக்கப்புறம் 30 மைல் வேகத்தைத் தாண்டக்கூடாது. கடகடன்னு சத்தத்தோட ஊர்ந்தோம்.

டானர் ஏரிக்கு மேல போறப்ப, பையன் ஸ்கூல்ல படிச்சதைப் பாட்டிக்குச் சொல்ல ஆரம்பிச்சான். 1846-ல கலிஃபோர்னியாவுல குடியேற வந்த கூட்டம் இங்கதான் பனியில சிக்கிச்சாம். 80 பேருக்கு மேல வந்ததுல கிட்டத்தட்ட பாதிப் பேர் போயிட்டாங்க. பிழைச்சவங்கள்ல சிலர் செத்தவங்களைத் தின்னாங்கன்னு அவன் சொன்னதும், "சிவ சிவா! வாயை மூடுடா"ன்னு அத்தை காதைப் பொத்திக்கிட்டாங்க.

7,239 அடி உச்சியைத் தாண்டி இறங்க இறங்கப் பனி மழையாயிடுச்சு. சங்கிலியைக் கழட்டிட்டு ஆபர்ன் வந்து சேர்றப்ப எல்லாருக்கும் அகோரப் பசி. கொண்டுவந்த தயிர்சாதம் எப்பவோ காலி. டாகோ பெல்ங்கிற மெக்சிகன் சாப்பாட்டுக் கடைக்குள்ள நுழைஞ்சோம். அத்தை சுத்த சைவம். "அதே கையாலதானே கறியையும் தொடுறா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னு உக்காந்துட்டாங்க.

எங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னவர் ஒரு சர்தார்ஜி. நீலத் தலைப்பாகை, நரைச்ச தாடி, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அத்தை முகத்தைப் பார்த்தே விஷயம் புரிஞ்சுடுச்சு போல. "மாதாஜி, நானும் வெஜ்தான்"னு சொல்லிட்டு நேரா கவுண்டருக்குப் போனார். பீன் பரிட்டோ, வெங்காயம் வேண்டாம், புதுக் கையுறை போட்டுச் செய்யுங்கன்னு அவரே சொல்லி வாங்கிட்டு வந்தார். காசு கொடுத்தோம், வாங்கவே இல்லை. இத்தனை வருஷம் அமெரிக்காவுல இருக்கோம், கையுறையை மாத்தச் சொல்லிக் கேட்கலாம்னு எங்களுக்குத் தோணினதே இல்லை!

அத்தை ஒரு வாய் கடிச்சாங்க. "சப்பாத்திக்குள்ள ராஜ்மா வச்ச மாதிரிதான் இருக்கு, உப்புதான் தூக்கல்"னாங்க. ஆனா மிச்சம் வைக்கலை.

சர்தார்ஜி ஸ்டாக்டன்ல லாரியில பாதாம் ஏத்திக்கிட்டு சால்ட் லேக் சிட்டி போறவர். நாங்க இறங்கி வந்த மலையை அவர் இனிமேதான் ஏறணும். எந்த இடத்துல பனி ஆரம்பிக்குது, லாரிகளைச் சங்கிலி போட நிறுத்தறாங்களான்னு எங்க வீட்டுக்காரர் கிட்ட விசாரிச்சுக்கிட்டே சாப்பிட்டார். "ரோட்டை மூடிட்டாங்கன்னு கார்க்காரங்க கத்துவாங்க. ஒரு லாரி சக்கரம் வழுக்கிக் குறுக்க நின்னுச்சுன்னா பின்னாடி வர்ற அத்தனை பேரும் மாட்டிக்குவாங்க. பனி தள்ற வண்டி கூட உள்ள வர முடியாது. மூடறதுதான் சரி"ன்னார். ராத்திரியில லாரிக்குச் சங்கிலி மாட்டறதைப் பத்திக் கேட்டதுக்குக் கையைத்தான் காட்டினார். விரல் முட்டியெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு.

ஸ்டாக்டன்ல 1912-லயே குருத்வாரா வந்துடுச்சாம், அவரோட அப்பா காலத்துலேர்ந்து அங்கதான் போறாங்களாம். ஒருநாள் லங்கர், அதான் அங்க எல்லாருக்கும் இலவசமாப் போடற சாப்பாடு, சாப்பிட வாங்கன்னு அத்தையைக் கூப்பிட்டார். அத்தை பையிலிருந்து தட்டைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில திணிச்சுட்டாங்க.

ஸ்டாக்டன் குருத்வாராவுக்குப் போனவங்க யாராவது இருக்கீங்களா? அத்தை ஊருக்குத் திரும்பறதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போகணும், எத்தனை மணிக்குப் போனா வசதின்னு சொல்லுங்க.