ஸ்பிரிங் பூட்: @ட்ரான்ஸாக்‌ஷனல் போட்டும் ரோல்பேக் ஆகவில்லை

கேள்வி:
மூன்று மாதமாக, ஜாவாவில் செயலி எழுத உதவும் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட் படிக்கிறேன். வீடியோவில் வருவதை அப்படியே தட்டினால் ஓடுகிறது. நானாக எழுதினால் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பயிற்சிக்குக் கிடங்கு இருப்புக் கணக்கு ஒன்று எழுதினேன். கோப்பில் 20 பொருட்கள். ஒன்றில் பிழை வந்தாலும் எதுவும் சேமிக்கப்படக் கூடாது. 14ஆவது வரியில் வேண்டுமென்றே மைனஸ் எண்ணிக்கை வைத்தேன். பிழையைத் தெரிவிக்க நான் எழுதிய எக்ஸெப்ஷன் சரியாக வந்தது. ஆனால் முதல் 13 பொருட்களும் டேபிளில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன! கன்ட்ரோலர் 'கோப்பைப்படி' மெத்தடை அழைக்கும். அது அதே கிளாஸில் இருக்கும் 'மொத்தமாகச்சேமி' மெத்தடை அழைக்கும். @ட்ரான்ஸாக்‌ஷனல் (எல்லாம் சேமி, இல்லையேல் எல்லாவற்றையும் ரோல்பேக் செய், அதாவது பழைய நிலைக்குத் திருப்பு என்னும் குறிப்பு) இரண்டாவதன் தலையில் இருக்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
அதே கிளாஸ் என்பதுதான் தப்பு. ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்குவது உங்கள் ஆப்ஜெக்ட் அல்ல, அதற்கு முன்னால் ஸ்பிரிங் நிறுத்தும் ப்ராக்ஸி, அதாவது இடையில் நிற்கும் ஆப்ஜெக்ட். வெளியிலிருந்து வரும் அழைப்பு மட்டுமே அதன் வழியாக வரும். உள்ளுக்குள்ளேயே அழைத்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அப்புறம், டேபிளில் எழுதும் ரெபாசிட்டரியின் 'சேவ்' ஒவ்வொன்றும் தனித்தனி ட்ரான்ஸாக்‌ஷனாக முடிந்துவிடும். 13 வரிகள் தங்கியது அதனால்தான். இரண்டாவது மெத்தடை வேறு கிளாஸுக்கு மாற்றுங்கள். ட்ரான்ஸாக்‌ஷன் இன்டர்செப்டரின் லாகை (பதிவை) மிக விரிவான ட்ரேஸ் அளவில் வைத்தால் கண்ணால் பார்க்கலாம்.

கேட்டவர்:
மாற்றினேன். லாகில் என் மெத்தடின் பெயர் வருகிறது. ஆனாலும் அதே 13!

பதில் 2:
உங்கள் எக்ஸெப்ஷன் எதை எக்ஸ்டெண்ட் செய்கிறது? நேராக 'எக்ஸெப்ஷன்' என்றால், அதாவது செக்டு (கையாளவோ அறிவிக்கவோ ஜாவா கட்டாயப்படுத்தும் வகை) என்றால், ஸ்பிரிங் கமிட் செய்துவிடும், சேமித்ததை உறுதியாக்கிவிடும். ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே அது தானாக ரோல்பேக் செய்யும். இஜேபி என்ற பழைய ஜாவா கட்டமைப்பின் காலத்து வழக்கம் அது. நானும் இதில் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த @ட்ரான்ஸாக்‌ஷனல் குறிப்பில் 'ரோல்பேக்ஃபார்' கொடுங்கள், அல்லது ரன்டைம் எக்ஸெப்ஷனை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள்.

பதில் 3:
நானாக எழுதினால் நிற்கிறது என்றீர்களே, ஒரு வாரம் ஸ்பிரிங் பூட்டை ஓரமாக வையுங்கள். வெறும் மெயின் மெத்தடில் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்டை நீங்களே உருவாக்கி, ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்களான பீன்கள் இரண்டைக் கையால் இணையுங்கள். ஜாவாவின் சொந்த ப்ராக்ஸியை வைத்து, மெத்தடுக்கு முன்னும் பின்னும் ஒரு வரி அச்சிட்டுப் பாருங்கள். பிறகு பூட்டுக்குத் திரும்பி, டீபக் கொடியோடு ஓட்டுங்கள். எந்தத் தானியங்கி அமைப்பு ஏன் சேர்ந்தது, எது ஏன் விடுபட்டது என்று அதுவே பட்டியல் போடும். இன்னொன்று: இம்போர்ட் வரியில் 'ஜாவாஎக்ஸ் பெர்சிஸ்டன்ஸ்' என்று வந்தால் அந்த வீடியோ பழசு. 2022 நவம்பரில் வந்த பூட் 3 முதல் அது 'ஜகார்த்தா', ஜாவா 17ம் கட்டாயம்.

கேட்டவர்:
ரோல்பேக் ஆகிவிட்டது, டேபிள் காலி! கிளாஸ் பெயரை அச்சிட்டால் வாலில் 'ஸ்பிரிங்சிஜிலிப்' என்று ஒட்டியிருக்கிறது, அந்த ப்ராக்ஸி இதுதான் போல. ஒரே ஒரு சந்தேகம். ஒவ்வொரு முறையும் பழைய வரிகளை அழித்துவிட்டுத்தான் ஓட்டினேன். இப்போது கோப்பைத் திருத்திச் சேமித்தால், டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் முதல் பொருளுக்கு 40 என்று ஐடி தருகிறது. ஏன்?

பதில் 2:
மூன்று தடவை ஓட்டினீர்கள், தடவைக்குப் பதிமூன்று, மொத்தம் 39. ஐடி தரும் எண்ணியான சீக்வென்ஸின் எண் ரோல்பேக்கில் திரும்பி வராது. வந்தால், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எண்ணுக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.