நாலே நாளில் ஆக்செப்டன்ஸ்: பேப்பரைத் திரும்ப எடுப்பது எப்படி?

ஆய்வுமாணவி_சேலம்:

அனைவருக்கும் வணக்கம். மண்ணியல் பேப்பர் ஒன்றை ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) ஜர்னலுக்கு அனுப்பி நாலாம் நாளே ஆக்செப்டன்ஸ் லெட்டர் வந்துவிட்டது. ரிவ்யூ என்று வந்தது இரண்டே வரி: "நல்ல கட்டுரை. மேற்கோள் வடிவத்தைச் சரிசெய்யவும்." ஐந்து நாளுக்குள் 18,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள், கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருக்கிறது. ஸ்கோபஸில் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) தேடினால் அதே பெயரில் ஜர்னல் இருக்கிறது, ஐஎஸ்எஸ்என் எண்ணும் (இதழ்களுக்கான எட்டு இலக்க அடையாள எண்) பொருந்துகிறது. சந்தேகப்பட்டு "விலக்கிக்கொள்கிறேன்" என்று எழுதியதற்கு, 9,000 ரூபாய் விலக்கல் கட்டணம் கேட்டுப் பதில் வந்தது. பதிப்புரிமை மாற்றப் படிவத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை.

இது போலிதானா என்று எப்படி உறுதிசெய்வது? பணம் கட்டாமல் வெளியே வர வழி உண்டா? இப்போதே வேறு ஜர்னலுக்கு அனுப்பலாமா?

பழைய_நூலகர்:

பெயரும் எண்ணும் பொருந்துவதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். குளோன் ஜர்னல் நடத்துகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வதே அந்த இரண்டைத்தான். உண்மையான ஜர்னலின் பெயர், ஐஎஸ்எஸ்என், சில நேரம் ஆசிரியர் குழுவின் பட்டியல் வரை அப்படியே எடுத்து வேறொரு தளத்தில் ஒட்டிவிடுவார்கள்.

ஐஎஸ்எஸ்என் எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். நேச்சர் இதழின் 0028-0836 எண்ணைப் பாருங்கள். முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 82. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 5. பதினொன்றிலிருந்து 5 போனால் 6, அதுதான் கடைசி இலக்கம். (விடை 10 வந்தால் எக்ஸ் என்று எழுதுவார்கள், 11 வந்தால் 0.) ஆனால் இந்தக் கணக்கு கற்பனையாக எழுதிய எண்ணை மட்டுமே காட்டிக்கொடுக்கும். திருடிய எண் கணக்கில் சரியாகத்தான் வரும். ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் அந்த எண்ணைப் போட்டு பதிப்பாளர் எந்த நாடு, அச்சா இணையமா என்று பாருங்கள். அங்கே போலந்து என்று இருந்து, உங்களுக்கு வந்த லெட்டரில் நம்மூர் வங்கிக் கணக்கு இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது ஸ்கோபஸின் சோர்ஸ் பக்கம். லாகின் இல்லாமலே திறக்கலாம். ஜர்னல் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல் கவரேஜ் ஆண்டுகளையும் பாருங்கள். "2009 முதல் 2021 வரை" என்று முடிந்திருந்தால் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இன்றும் தொடர்கிறது என்று இருந்தால், உங்கள் நூலகத்தில் லாகின் வாங்கி, தளத்தின் கடைசி இதழில் உள்ள ஐந்து தலைப்புகளை ஸ்கோபஸுக்குள் தேடுங்கள். நிஜ ஜர்னலின் கட்டுரைகள் அங்கே இருக்கும், குளோன் தளத்தின் கட்டுரைகள் பெரும்பாலும் இருக்காது. "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம், சில குளோன்களின் கட்டுரைகள் ஸ்கோபஸுக்குள்ளேயே நுழைந்ததும் உண்டு. அதனால் திரும்பப் பெற்ற கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளமான ரிட்ராக்‌ஷன் வாட்ச் 2022 முதல் வெளியிடும் கடத்தப்பட்ட (அதாவது குளோன் செய்யப்பட்ட) ஜர்னல்களின் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

தளத்தில் உள்ள கட்டுரைகளின் டிஓஐ எண்ணையும் (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) சொடுக்கிப் பார்க்க வேண்டும். பத்தில் தொடங்கி ஒரு சாய்கோடு போட்டு ஏதோ எழுதிவிட்டால் அது டிஓஐ ஆகிவிடாது. சொடுக்கினால் அதே கட்டுரைக்குப் போக வேண்டும், டிஓஐ பதிவுசெய்யும் அமைப்பான கிராஸ்ரெஃபின் தேடலில் அதே தலைப்பு வர வேண்டும். அப்படி வந்தாலும் தரத்துக்கு அது சான்று இல்லை. ஜெனோடோ என்ற திறந்த களஞ்சியத்தில் எந்தக் கோப்பை ஏற்றினாலும் இலவசமாகவே டிஓஐ கிடைக்கும்.

கடைசியாக, தளத்தின் டொமைன் பதிவான தேதியை ஹூயிஸ் (இணைய முகவரிகளின் பதிவு விவரம்) தேடலில் பாருங்கள். 1985 முதல் வருவதாகச் சொல்லும் ஜர்னலின் தளம் போன வருடம் பதிவாகியிருந்தால் வேறு சோதனை தேவைப்படாது. பழைய இதழ்களையும் திறந்து பாருங்கள். ஒரே இதழில் நானோ துகள், ஜிஎஸ்டி, சங்க இலக்கியம் மூன்றும் சேர்ந்திருந்தால் அது மளிகைக் கடை.

வேகம்_விவேகம்:

இவ்வளவு அலைய வேண்டுமா? ஓப்பன் ஆக்சஸ் என்றாலே காசுதானே. நேச்சரே 2020இல் 9,500 யூரோ கட்டணம் என்று அறிவித்தது. 18,000 ரூபாய் அதன் கால் தூசு. யுஜிசி கேர் (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற ஜர்னல்கள்) பட்டியலில் இருந்தால் கட்டிவிட்டு சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) வேலையைப் பாருங்கள்.

இரண்டாம்_ரிவ்யூவர்:

வேகம் சார், இரண்டு திருத்தம். கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இப்போது ஜர்னலைத் தேர்வுசெய்யும் பொறுப்பு கல்வி நிறுவனத்திடம் இருக்கிறது. பிஎச்டி ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 விதிமுறையில் எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் கேட்கலாம், பல இடங்களில் கேட்கவும் செய்கிறார்கள். அப்படியானால் ஜர்னல் ஸ்கோபஸ் போன்ற பட்டியலில் இருப்பதற்குக் கணக்கில் எடுப்பது பேப்பரைச் சமர்ப்பித்த நாள் நிலவரமா, வெளியான நாள் நிலவரமா என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நீக்கிவிடுவதும் உண்டு: 2023 மார்ச்சில் கிளாரிவேட் நிறுவனம் ஒரே மூச்சில் சுமார் 50 ஜர்னல்களைத் தன் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து நீக்கியது. அவற்றில் ஹிண்டாவி பதிப்பகத்தின் 19 ஜர்னல்களும் இருந்தன. ஹிண்டாவி போலி நிறுவனமும் இல்லை, வைலி வாங்கி நடத்தியது. சிறப்பிதழ் வழியாகப் பேப்பர் மில்கள் (காசுக்குப் போலிக் கட்டுரை தயாரிப்பவர்கள்) புகுந்ததில், அந்த ஒரே ஆண்டில் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள்.

ஓப்பன் ஆக்சஸ் என்றால் காசு என்பதும் சரியில்லை. டிஓஏஜே என்ற ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களின் பட்டியலில் பாதிக்கும் மேற்பட்ட ஜர்னல்கள் ஆசிரியரிடம் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. அங்கே தேடும்போது "கட்டணம் இல்லாதவை" என்ற வடிகட்டியைப் போட்டால் தெரியும்.

இனி விலக்கல். பணத்தைக் கட்டாதீர்கள், கட்டினாலும் விடமாட்டார்கள், அடுத்த கட்டணம் ஒன்று முளைக்கும். உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் அந்தக் கையெழுத்திடாத படிவம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆவது பிரிவின்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் பதிப்புரிமை மாற்றம் செல்லாது. இன்றைய தேதியில் பேப்பர் உங்களுடையது. ஆனால் சமர்ப்பிக்கும் பக்கத்தில் டிக் அடித்த நிபந்தனைகளை ஒருமுறை படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். அதில் உரிமம் கொடுத்ததாக ஏதாவது இருந்தால் அதையும் ரத்துசெய்வதாகக் கடிதத்தில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதம் தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும், எல்லாக் கூட்டாசிரியர்களும் கைடும் சிசியில் இருக்க வேண்டும். கைடு பெயரைச் சேர்த்துவிட்டு அவருக்கே தெரியாமல் விலக்குவதில்தான் பின்னால் தகராறு வரும். உள்ளடக்கம் ஐந்தே செய்தி: இந்த எண்ணுள்ள பேப்பரை ஆசிரியர்கள் அனைவரும் விலக்கிக்கொள்கிறோம், பதிப்புரிமை எங்களிடமே இருக்கிறது, எந்த உரிமமும் தரவில்லை, எந்த வடிவிலும் வெளியிட அனுமதி இல்லை, 14 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். கோபம், மிரட்டல், "மோசடி" என்ற சொல் எதுவும் வேண்டாம். நாளை இன்னொரு எடிட்டர் படிக்கப்போகும் கடிதம் அது.

14 நாள் என்பது என் கணக்கு, சட்டம் சொல்வதில்லை. பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மறுபடி அனுப்பி, பதில் வராததையும் குறிப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குமுன் வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் ஒரே நேரத்தில் இரண்டு இடம் என்ற குற்றச்சாட்டு உங்கள் தலையில் விழும். முதல் ஜர்னல் போலி என்பது அதற்குச் சாக்காகாது.

ஆய்வுமாணவி_சேலம்:

நன்றி ஐயா, நன்றி சார். போர்ட்டலில் பார்த்தேன், பதிப்பாளர் வேறு நாடு. டொமைன் பதிவாகி எட்டு மாதம்தான் ஆகிறது. நான் விலக்கிய பிறகும் அவர்கள் அப்படியே தளத்தில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

இரண்டாம்_ரிவ்யூவர்:

அதைச் செய்யக்கூடியவர்கள்தான். போட்டால் இரண்டு சிக்கல். ஒன்று, அடுத்த ஜர்னல் ஐதென்டிகேட் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் ஓட்டும்போது ஒற்றுமை 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். இரண்டு, அது ஏற்கெனவே வெளியான கட்டுரை என்று எடிட்டர் திருப்பி அனுப்புவார். இரண்டுக்கும் மருந்து கவர் லெட்டரில் முன்கூட்டியே சொல்வதுதான்: இன்ன தேதியில் அனுப்பினோம், இன்ன தேதியில் விலக்கினோம், உரிமை மாற்றப்படவில்லை, அனுமதியில்லாமல் வெளியாகியிருக்கிறது. மின்னஞ்சல்களைப் பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுங்கள். எடிட்டர் தானாகக் கண்டுபிடித்தால் அதே விஷயம் குற்றமாகிவிடும். தளத்திலிருந்து நீக்க, ஜர்னலோடு மல்லுக்கட்டுவதைவிட அதை ஹோஸ்ட் செய்யும் நிறுவனத்துக்கு டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக் கோரும்) நோட்டீஸ் அனுப்புவது பலன் தரும். தளத்தின் ஐபி முகவரியை ஹூயிஸில் தேடினால் சர்வர் யாருடையது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெயர் திருடப்பட்ட நிஜ ஜர்னலின் எடிட்டருக்கும் ஒரு வரி எழுதுங்கள். முகவரியைச் சந்தேகத் தளத்திலிருந்து எடுக்காமல், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

பச்சைவழி:

அடுத்து எங்கே அனுப்புவது என்பதற்குக் கொஞ்சம். இந்திய அறிவியல் அகாதெமியின் ஜர்னல்களில் ஆசிரியர் கட்டணம் இல்லை, கட்டுரைகளை அகாதெமி தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். மண்ணியல் என்பதால் அதன் புவி அமைப்பு அறிவியல் ஜர்னலைப் பாருங்கள்.

பெரிய பதிப்பகத்தின் ஹைப்ரிட் (சந்தா, ஓப்பன் ஆக்சஸ் இரண்டு வழியும் உள்ள) ஜர்னலுக்கு அனுப்பினால் ஒரு இடத்தில் கவனம். ஆக்செப்ட் ஆன பிறகு "ஓப்பன் ஆக்சஸா, சந்தாவா?" என்று ஒரு பக்கம் வரும். திறந்திருப்பது நல்லதுதானே என்று முதலாவதைச் சொடுக்கிவிட்டு, மறுநாள் 3,000 டாலர் இன்வாய்ஸைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறைய. கட்டணத் தள்ளுபடிப் பட்டியல்களில் இந்தியா பொதுவாக இருக்காது. சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தால் அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அது படிக்கவும் கிடைக்கும். மற்றவர்களுக்காக, ரிவ்யூ முடிந்து திருத்திய உங்கள் வேர்ட் கோப்பைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் (முன்பு ஷெர்பா ரோமியோ) ஜர்னல் பெயரைப் போட்டுப் பாருங்கள், 6, 12, 24 என்று இருக்கும். பதிப்பகம் அழகாக அச்சுக்கோத்த பிடிஎஃப்பை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஆய்வாளர்களின் சமூக வலைத்தளமான ரிசர்ச்கேட்டில் எல்லாரும் ஏற்றுகிறார்களே என்பார்கள். 2017இல் எல்ஸ்வியர் பதிப்பகம் அதன்மேல் வழக்குப் போட்டது அந்தப் பிடிஎஃப்களுக்காகத்தான்.

வேகம்_விவேகம்:

கேர் நின்றுபோனது தெரியாது, என் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒரு சந்தேகம்: படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்தவர்கள் என்ன செய்வது?

இரண்டாம்_ரிவ்யூவர்:

படிவத்தை முதலில் முழுதாகப் படிக்க வேண்டும். யாருக்கு மாற்றப்படுகிறது என்ற இடத்தில் ஜர்னல் பெயர் மட்டும் இருந்து, நிறுவனத்தின் பெயரோ முகவரியோ இல்லாத படிவங்கள் நிறைய வருகின்றன. இன்னொன்று, கட்டுரை சிசி பை உரிமத்தில் (ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) வரும் என்று தளத்தில் எழுதிவிட்டு, முழுப் பதிப்புரிமையும் தங்களுக்கே என்று படிவத்தில் வாங்குவார்கள். இப்படி ஓட்டை இருந்தால் விலக்கல் கடிதத்தில் அதைச் சுட்டிக்காட்டலாம். ஓட்டை இல்லாத படிவமாக இருந்தால், பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் காட்டாமல் வேறு எங்கும் அனுப்ப வேண்டாம்.